கால் சுற்று

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. உத்திரமேரூரிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரு ஏரி வரும், வயல் வரும், இன்னொரு ஏரி வரும். வண்டிக்கு ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஏரிக்கரை மேடுகளும் செங்கல்பட்டுப் பக்கம் போனால் சில பாலங்களும்தான். குன்று என்று இருந்த ஒன்றிரண்டையும் கிரஷர்காரர்கள் ஜல்லியாக்கி லாரியில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும், ஊட்டி மலையில் தினமும் ஏறி இறங்குகிறவர்களைவிட எங்கள் ஊர் பிக்கப்காரர்களுக்குத்தான் இன்ஜின் சக்தி போதவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னாலும் போதவில்லை, இப்போதும் போதவில்லை. இடைப்பட்ட காலத்தில் இன்ஜின் எங்கேயோ போய்விட்டது. புகார் மட்டும் புளியமரத்தடியிலேயே நிற்கிறது.

சித்தப்பா 1990களின் நடுவில் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். நடந்த எதற்கும் அந்தக் கம்பெனி பொறுப்பல்ல. அப்போது ஊருக்குள் சரக்கு இழுத்தவை கலவையான ஜாதி. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த ஒரு டன் வேன்கள் தள்ளாத வயதில் ஓடிக்கொண்டிருந்தன. மேட்டடார் இருந்தது. 1980களின் கடைசியில் வந்த டாடாமொபைல் இருந்தது. பிரான்சு தேசத்து பெஜோ இன்ஜினான 2112 சிசி பொருத்திய மஹிந்திரா ஜீப்புகளும் இருந்தன. இன்ஜினை இடம் மாற்றுவது அன்றைக்குச் சாதாரணம். அம்பாசிடருக்குக் கம்பெனியே கொடுத்த 1489 சிசி டீசல் இன்ஜினுக்கு நாற்பது குதிரைகூடத் தேறாது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மேட்டடார் இன்ஜினை உட்கார வைத்துக்கொண்டு, ஆர்.சி. புத்தகம் என்ற ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி ஓட்டினார்கள்.

சித்தப்பாவின் வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்த பாரம் ஒரு டன். அவரைப் பொறுத்தவரை ஒரு டன் என்பது ஏற்ற ஆரம்பிக்கிற அளவு. கத்திரி, வெண்டை, வெயில் காலமானால் தர்பூசணி. அறுவடையில் நெல் மூட்டை. தொட்டியின் பக்கத் தகடு தெரியாத அளவுக்கு அடுக்கி, அதற்கு மேல் கயிறு போட்டு, கயிற்றுக்கு மேல் இரண்டு ஆட்களை உட்கார வைத்து, ராத்திரி புக்கத்துறை போய் ஜிஎஸ்டி சாலையில் ஏறுவார். முதலில் கோத்தவால்சாவடிக்கு; 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு அங்கே. பின் சக்கரத்து கமான் கட்டில் கம்பெனி கொடுத்தது போக இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தார். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து வந்தால் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

காஞ்சிபுரம் சாலையில் புளியமரத்தடியில்தான் மேஸ்திரியின் ஷெட்.

"மேஸ்திரி, வண்டி இழுக்க மாட்டேங்குது."

"எவ்ளோ ஏத்துனீங்கண்ணே?"

"அது கெடக்கட்டும். பம்பக் கொஞ்சம் திருப்பு."

இந்த உரையாடல் ஒரு எழுத்து மாறாமல் மாதாமாதம் நடக்கும். மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போவார். பம்பின் திருகாணியில் கம்பெனி போட்டு அனுப்பிய ஈயச் சீல் எந்தப் பிறவியிலோ அறுபட்டிருந்தது. கால் சுற்று திருப்புவார். இன்ஜினை உறுமவிட்டுப் பார்ப்பார். சைலன்சரிலிருந்து குபீரென்று கருப்பாக வரும். சித்தப்பா முகம் மலரும். "இப்பதான்யா உசிரு வந்துருக்கு" என்று கூலியை நீட்டுவார்.

அந்தத் திருகாணிக்குச் சக்தி இல்லை என்று சொல்ல முடியாது. பெட்ரோல் இன்ஜினில் மிதித்தால் காற்று வழி திறக்கும். அந்தக் காலத்து டீசல் இன்ஜினில் காற்றுக்குக் கதவே கிடையாது. பிஸ்டன் இறங்குகிறபோதெல்லாம் கொள்ளுமட்டும் இழுத்துக்கொள்ளும். மிதி கூட்டுவதும் குறைப்பதும் டீசலை மட்டும்தான். அதனால் பம்பைத் திருப்பி டீசலைக் கூட்டினால் இழுவை கூடத்தான் செய்யும், ஓர் எல்லை வரைக்கும். ஒரு கிராம் டீசல் முழுக்க எரிய ஏட்டுக் கணக்கில் சுமார் 14.5 கிராம் காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் கலப்பதற்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம் என்பதால் நடைமுறையில் 18 கிராமாவது இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். அதற்குக் கீழே போனால், ஊதாமல் விறகை மட்டும் திணித்த அடுப்பு கதைதான். சித்தப்பா கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்ட அந்தக் கருப்பு, அவர் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல். எரிந்ததும் நேரத்துக்கு எரிந்ததில்லை. தாமதமாக எரிந்த சூடு பிஸ்டன் தலையையும் வால்வையும் தின்றது. கரி இன்ஜின் ஆயிலில் இறங்கியது.

ஆனால் புகை இல்லாத வண்டியை அன்றைக்கு யாரும் மதிக்கவில்லை. பின்னால் சைக்கிளில் வருகிறவன் இருமினால்தான் முன்னால் போகிற வண்டிக்கு மரியாதை.

மைலேஜ் பத்திலிருந்து எட்டுக்கு இறங்கியது. எட்டுதான் என்பதும் டேங்க் காலியாகிற வேகத்தை வைத்து நாங்கள் ஊகித்தது. சித்தப்பா கணக்கு எழுதுகிற ஆள் இல்லை. எந்த ஊரில் இருந்துகொண்டு என்பதுதான் வேடிக்கை. பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும், குடவோலை போட்டு ஆள் எடுக்கும் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. 35 வயதுக்குக் குறைந்தவனும் 70க்கு மேற்பட்டவனும் நிற்கக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் நிற்கக் கூடாது, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்கக் கூடாது. அந்த விதி இப்போதும் அமலில் இருந்தால் டீசல் கணக்கு ஒன்றுக்காகவே எங்கள் வம்சத்தில் ஒருவரும் வார்டு மெம்பர் பதவியை எட்டிப் பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. ஏரிக்குத் தனி வாரியம், தோட்டத்துக்குத் தனி வாரியம், பொன்னுக்குத் தனி வாரியம் என்று வைத்த ஊர், ஏர் ஃபில்டருக்கு ஒரு நாதியையும் வைக்கவில்லை.

அதைக் கவனித்தவர் மேஸ்திரிதான். சித்தப்பா டீக்கடைக்குப் போனதும் அவருடைய அசல் வேலை தொடங்கும். இரண்டரை லிட்டர் இன்ஜின் ஒன்று 3000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு மூவாயிரம் லிட்டருக்கு மேல் காற்று இழுக்கும். எங்கள் பக்கத்துச் சாலைகளில் அந்தக் காற்றில் பாதி கிரஷர் மாவு. மேஸ்திரி ஏர் ஃபில்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுவார். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் களிமண் இருக்கும். வழித்துப் போட்டு, கழுவி, புது ஆயில் விடுவார். நாசில்களை எடுத்துக் கைப்பம்பில் மாட்டி அடித்துப் பார்ப்பார். ஸ்பிரிங் தளர்ந்த நாசில் தூவாது, சொட்டும். சொட்டுகிற டீசல் எரியாது. ஷிம் வைத்துச் சரியான அழுத்தத்துக்குக் கொண்டுவருவார். டாப்பெட் இடைவெளி பார்ப்பார். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுவார். பிரேக் உரசினால் சக்கரம் அரைச் சுற்றில் நிற்கும், தளர்த்திவிடுவார். டயருக்குக் காற்றடிப்பார். கடைசியாக, யாரும் பார்க்காதபோது, திருப்பிய திருகாணியில் பாதியை மெல்லப் பின்னுக்குத் திருப்பி வைப்பார்.

அடுத்த நாள் வண்டி பறக்கும். "பார்த்தியா, கால் சுத்துக்கே இந்த இழுப்பு!" என்பார் சித்தப்பா.

நான் ஒருமுறை மேஸ்திரியிடம் கேட்டேன். "ஃபில்டரும் நாசிலும்தான் வேலை செஞ்சுதுன்னு சித்தப்பாகிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா காசு குடுப்பாரா? அழுக்கு எடுத்ததுக்குக் கூலின்னா அஞ்சு ரூவாக்குப் பேரம் பேசுவாரு. பம்பத் திருப்புனா கேக்காமலே குடுக்கறாரு. நீ போய் டீ வாங்கினு வா."

சக்தியைக் கூட்டுவதற்குத்தான் உலகத்தில் கூலி. தடையை எடுப்பதெல்லாம் இலவச இணைப்பு. மேஸ்திரியின் பொருளாதாரம் அவ்வளவுதான். அதை முறியடிக்கிற பொருளாதாரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

நியாயமாக 2005இல் எங்கள் எல்லோருக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். அந்த வருஷம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைசக்தி. புல்லட் மோட்டார் சைக்கிளைவிடக்கூடக் கொஞ்சம் குறைவு. "இது அரிசிமூட்டை இழுக்குமா, அரிசி இழுக்குமா?" என்று கேட்டுச் சிரித்த சித்தப்பா வாயை மூடுவதற்குள், குட்டியானை என்று பேர் வாங்கி எங்கள் பக்கத்துத் தெருக்களையெல்லாம் அது பிடித்துக்கொண்டது.

அதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குதான். சக்கரம் உருள்கிற தடையையும் எதிர்காற்றின் தடையையும் கூட்டிப் பார்த்தால், சரக்கோடு மூன்று டன் தேறுகிற பிக்கப் ஒன்று சமமான தார்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 15 குதிரை போதும். 80க்கு 25ஐத் தாண்டும். 100க்கு 45 பக்கம் வந்துவிடும். ஏரிக்கரை மேட்டை முதல் கியரில் நிதானமாக ஏறவும் இருபதுக்குள் முடிந்துவிடும். அதாவது சித்தப்பாவின் அறுபது குதிரை வண்டியில் முக்கால்வாசிக் குதிரைகள் பெரும்பாலும் சும்மாதான் நின்றுகொண்டிருந்தன. அவற்றை வேலைக்குக் கூப்பிட்டது இரண்டே சமயங்களில்: பஸ்ஸை முந்தும்போது, மூட்டையை இரட்டிப்பாக ஏற்றும்போது.

இப்போது வண்டி சித்தப்பா மகன் கையில். பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு புது பிக்கப் எடுத்தான். டர்போ, இன்டர்கூலர், காமன் ரெயில். இந்த வகை வண்டிகளில் இன்றைக்கு 75 குதிரை, 200 நியூட்டன் மீட்டர் டார்க் என்பது சர்வசாதாரணம். எங்கள் மேஸ்திரி நாசிலை இருநூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் அடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். இதில் டீசல் ஆயிரத்து அறுநூறு பார் வரை போகிற அழுத்தத்தில் வந்து பனியாகத் தூவுகிறது. ஒவ்வொரு சொட்டையும் ஈசிஎம் பெட்டி எண்ணிக் கொடுக்கிறது. கணக்குக் காட்டாத எங்கள் குடும்பத்தில் கணக்கு எழுதுகிற முதல் ஜீவன் இந்த இன்ஜின்தான்.

காற்றுப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு காற்றாடியைச் சுழற்றி, அதைக்கொண்டே உள்ளே காற்றை அமுக்குகிற டர்போவுக்கு சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூகி 1905லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். முதலில் கப்பலுக்குப் போய், ரயிலுக்குப் போய், லாரிக்குப் போய், எங்கள் கத்திரிக்காய்க்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு. அமுக்கிய காற்று சூடாகும், சூடான காற்று விரியும். அதை ஆற வைக்கிறது இன்டர்கூலர். பத்து டிகிரி ஆறினால் ஏறக்குறைய மூன்று சதவீதம் அடர்த்தி கூடும். காற்று இப்படிக் கூடுகிறபோது டீசலைக் கூட்டினால் புகை வராது, மைலேஜும் கெடாது. சித்தப்பா முப்பது வருஷம் தேடிய வரம் இதுதான். கம்பெனியே வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டது.

பையன் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வந்து சொன்னான். "அண்ணா, வண்டி இழுக்கல."

புளியமரம் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. மேஸ்திரியும் தொழிலை விட்டுவிட்டார். பையன் போன இடம் சென்னைக்கு வெளியே, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கடை. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. மேஸ்திரி பார்த்திருந்தால் "இங்க வேலயே நடக்கறதில்லபோல" என்று திரும்பியிருப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஒயரைச் சொருகி, லேப்டாப்பைத் திறந்து ஒரு தம்பி உட்கார்ந்தார். ரீமேப், அதாவது ஈசிஎம் பெட்டியின் கணக்கையே மாற்றி எழுதுவது. அதில் முதல் படி, ஸ்டேஜ் ஒன்.

அந்தத் தம்பி விவரமானவர், அதை மறைக்கக் கூடாது. மலிவான பெட்டி ஒன்று கிடைக்கிறது, அதை மாட்டக் கூடாது என்றார். ரெயில் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி ஈசிஎம்மிடம் பொய் சொல்வதுதான் அந்தப் பெட்டியின் ஒரே தொழில். பொய்யை நம்பி இன்ஜின் டீசலைக் கொட்டும், டர்போ அதற்கேற்பக் காற்றைக் கூட்டாது. முறையாகச் செய்தால் காற்றைக் கூட்டிய பிறகுதான் டீசலைக் கூட்ட வேண்டும். உச்சிச் சுற்றில் குதிரையைக் கூட்டி விளம்பரம் பண்ணுவதைவிட, 1500இலிருந்து 2500 சுற்றுக்குள் டார்க்கைக் கூட்டுவதுதான் சரக்கு வண்டிக்கு வேண்டியது. அங்கே இழுவை இருந்தால் மேட்டில் கியரை இறக்க வேண்டியதில்லை, மிதித்து அலற வைக்க வேண்டியதில்லை, மைலேஜ் தங்கும். கிளட்ச் பிளேட் எவ்வளவு தாங்குமோ அதற்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். புகையை வடிகட்டுகிற டிபிஎஃப்பைக் கழற்றிவிடச் சொல்லிப் பலர் வருகிறார்களாம், தான் செய்வதில்லை என்றார். கரி கூடினால் அந்த வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் கூடுதலாக டீசல் செலவழித்து, சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றித்தான் அதைச் சுத்தம் செய்துகொள்ளும். கூட்டிய சக்திக்கு வட்டி அங்கே போகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. வாரண்டிச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பற்றியும் அவர் பேசவில்லை. அது அவர் தொழில் தர்மம். மேஸ்திரியும் ஈயச் சீலைப் பற்றிப் பேசியதில்லை.

மேப் ஏற்றுவதற்கு முன்னால் வண்டி நலமாக இருக்க வேண்டும் என்பது கடையின் விதி. அதனால் தம்பியின் ஆட்கள் ஏர் ஃபில்டரைக் கழற்றினார்கள். உள்ளே கிரஷர் மாவு. மாற்றினார்கள். இன்டர்கூலர் குழாய் ஒன்றின் கிளாம்ப் தளர்ந்து, டர்போ அமுக்கிய காற்று வெளியே சீறிக்கொண்டிருந்தது. முடுக்கினார்கள். காற்றை அளக்கிற சென்சாரைத் துடைத்தார்கள். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார்கள். பிரேக் உரசியது, சரி செய்தார்கள். நாலு டயருக்கும் காற்றடித்தார்கள். பில்லில் இதெல்லாம் ஒரே வரி: "வெஹிக்கிள் ஹெல்த் செக் – இலவசம்." அதற்கடுத்த வரியில் மேப்புக்கான தொகை. அதைச் சொன்னால் சித்தப்பா படுத்துவிடுவார் என்று இன்றுவரை அவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறோம்.

வண்டி பறந்தது. "பார்த்தீங்களாண்ணா, சாஃப்ட்வேர்!" என்றான் பையன்.

சித்தப்பா வாசலில் வந்து நின்று, வண்டியை உறுமவிடச் சொல்லி சைலன்சரைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கையை வைத்துப் பார்த்தார். "இன்னாடா, ஒண்ணியும் காணோம். காசு வாங்கினு ஏமாத்திட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் இரண்டு வாரம் மைலேஜ் ஒரு கிலோமீட்டர் கூடியது. வண்டியின் ஓட்டத்தைப் போனுக்கு அனுப்புகிற செயலியில் அது பச்சை நிறத்தில் வந்தது. பையன் அந்தப் படத்தை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். மூன்றாவது வாரம் பச்சை மஞ்சளானது. ஒரு மாதத்தில் சிவப்பு. கடைக்கு போன் பண்ணினான். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லோடு எவ்ளோ ப்ரோ ஏத்துறீங்க?" என்றார்.

பையன் சொன்ன பதிலை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "அது இருக்கட்டும் ப்ரோ. ஸ்டேஜ் டூ இருக்குதுன்னு சொன்னீங்களே?"

விஷயம் இதுதான். வண்டி இழுக்கிறது என்று தெரிந்ததும் தக்காளிக் கிரேட் இரண்டு வரிசை உயர்ந்தது. பிறகு மூன்று வரிசை. அப்பா சேர்த்த மாதிரியே இவனும் கமான் கட்டில் ஒரு பட்டை சேர்த்தான். கூட்டிய குதிரை எதுவும் வேகமாகவும் மாறவில்லை, மிச்சமாகவும் மாறவில்லை. அத்தனையும் சரக்காக மாறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கால் சுற்றுத் திருகாணி கொடுத்த இழுவையும் அப்படித்தான் நெல் மூட்டையாகப் போனது. அதனால்தான் எந்தக் காலத்திலும் எங்கள் ஊரில் வண்டி இழுப்பதில்லை.

சாலையில் ஓர் இரவு நிறுத்தினார்கள். எடைமேடையில் ஏற்றினார்கள். 2019இல் திருத்திய சட்டப்படி கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பையன் ரசீதோடு விடிகாலையில் வந்து சேர்ந்தான். திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா ரசீதை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கணக்குத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திட்டு விழப்போகிறது என்று நானும் காத்திருந்தேன்.

"ஏன்டா, அந்த லேப்டாப்புப் பையன்கிட்ட இன்னொரு வாட்டி போவியா?"

"எதுக்குப்பா?"

"மூட்டையக் கொறைக்கறதுக்கு ஏதாச்சும் மேப்பு கீப்பு இருக்குதான்னு கேட்டுனு வா. அதுக்குக் காசு நான் குடுக்கறேன்."